டிசம்பரில் அறுகம்பே: முன்பதிவை மாற்றிவிடுங்கள்

டிசம்பர் விடுமுறைக்கு இலங்கையின் அறுகம்பேயில் அறை போட்டிருக்கிறேன், முதல்முறையாக சர்ஃபிங் (பலகையில் நின்று அலைமேல் சறுக்குவது) பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள். பணம் திரும்பக் கிடைக்குமென்றால் இன்றே ரத்து செய்துவிடுங்கள். டிசம்பரில் இலங்கையின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை. அலை ஒழுங்கில்லாமல் உடையும், கடைகளில் பாதி மூடியிருக்கும். அங்கே சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான்.

அந்த மாதத்துக்கு ஏற்ற இடம் தெற்குக் கரையிலுள்ள வெலிகம. கொழும்புக் கோட்டையில் மாத்தறை ரயில் ஏறினால் நேரே இறங்கலாம். அடியில் மணல், அலை சிறியது, பழகுபவருக்கு இதைவிட நல்லது அமைவது அரிது. கூட்டம் மட்டும் அதிகம். காலை ஏழு மணிக்கே கடலில் இறங்கிவிடுங்கள், காற்றும் குறைவாக இருக்கும்.

வாடகைக்கு 8 அல்லது 9 அடி மென்போர்டு (மேற்புறம் மெத்தென்று இருக்கும் சர்ஃபிங் பலகை) கேளுங்கள். குட்டை போர்டில் ஆசைப்பட்டால் எழுந்து நிற்கவே முடியாது, மிதப்பு போதாது. போர்டோடு இணைந்த கயிற்றை, அதன்மேல் நிற்கும்போது பின்னால் வைக்கும் காலில் கட்டுங்கள். நடந்து உள்ளே போகும்போது போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பிடிக்காதீர்கள். அலை அதைத் தள்ளி நேராக முகத்தில் அடிக்கும். புதியவர்களுக்குப் பல காயங்கள் இப்படித்தான். பக்கவாட்டில் பிடியுங்கள். விழுந்தால் தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழுந்து, கைகளால் தலையை மூடியபடி மேலே வாருங்கள்.

அறுகம்பேதான் வேண்டுமென்றால் ஜூலையில் போங்கள். அப்போதும் மெயின் பாயிண்ட் என்ற அலைப்பகுதி வேண்டாம், அடியில் பாறை. புதியவர்கள் பழகும் பேபி பாயிண்டில் தொடங்குங்கள்.