அவசரப் பிரிவில் எழுதித் தரும் மருந்தை எல்லோரும் வாங்குகிறார்களா?

அமெரிக்காவில் சளி, இருமல் என்று அவசரப் பிரிவுக்குப் போகிறவர்கள் சீட்டில் எழுதிய மருந்தை வாங்குகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் வாங்குகிறார்கள், வாங்காமல் விடுகிறவர்களும் உண்டு.

பணம் ஒரு பெரிய காரணம். 1986-இல் வந்த எம்டாலா சட்டப்படி, காசில்லை என்று அவசரப் பிரிவு யாரையும் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆஸ்பத்திரி வாசலோடு சரி. மருந்துக்கடையில் காப்பீடு இல்லாதவர் முழு விலையும் கொடுக்க வேண்டும். நடுராத்திரியில் டிஸ்சார்ஜ் ஆனால் பல கடைகள் மூடியிருக்கும். காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டால் அப்புறம் யார் போவார்கள்?

வேடிக்கை என்னவென்றால், வாங்காமல் விடுவதே சில சமயம் நல்லது. சாதாரண மூச்சுக்குழாய் அழற்சி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு எழுதித் தரும் ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது; இருமல் இரண்டு மூன்று வாரம் இழுத்துத்தான் அடங்கும். பிரிட்டனில் இதையே ஒரு முறையாக்கி, 'குணமாகாவிட்டால் மட்டும் வாங்குங்கள்' என்று சீட்டு கொடுப்பதுண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பில், உடனே எடுக்கச் சொல்லப்பட்டவர்களில் 93 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக் எடுத்தார்கள். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் 31 சதவீதம்தான்.

பாக்டீரியா நிமோனியாவுக்கு எழுதியது என்றால் கதை வேறு, அன்றே தொடங்க வேண்டும். கையில் காசு இல்லையென்றால் டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; விலை குறைந்த ஜெனரிக் இருந்தால் மாற்றி எழுதுவார்.