டேட்டாபேஸ் நின்றால் புது சர்வர்தான் தீர்வா?

கேள்வி: எங்கள் மொத்த விற்பனைக் கடையின் பில்லிங் மென்பொருள் உபுண்டு சர்வரில், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஓடுகிறது. கூட்ட நேரத்தில் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று வந்து பில் போட முடிவதில்லை. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை லட்சத்துக்கு மேல் காட்டுகிறது. சர்வர் பார்ப்பவர் பெரிய சர்வர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ராம் போதாமல் இந்தப் பிழை வருவதில்லை. ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்) ஒரே நேரத்தில் இத்தனை ஃபைல்களைத்தான் திறந்து வைக்கலாம் என்று லினக்ஸ் ஒரு வரம்பு போட்டிருக்கிறது. அதைத் தொட்டால் பிழை எண் 24. அதே செட்டிங்கோடு புது சர்வருக்குப் போனால் பிழையும் கூடவே வரும். கமிஷனுக்காக சர்வர் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அந்த லட்சக் கணக்கைக் காட்டிப் பயமுறுத்தினாலும் நம்பாதீர்கள். எல்எஸ்ஓஎஃப், நினைவகத்தில் ஏற்றிய லைப்ரரிகளையும் சேர்த்துக் காட்டும். சில வெர்ஷன்களில் ஒரே ஃபைல், புராசஸுக்குள் ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (கிளை வேலைக்கும்) திரும்ப வரும். ‘ப்ராக்’ ஃபோல்டரில், மைஎஸ்கியூஎல் புராசஸின் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டருக்குள் ‘எஃப்டி’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த புராசஸ் இப்போது திறந்து வைத்திருப்பவை அதில்தான் இருக்கும்; அவற்றை எண்ணச் சொல்லுங்கள். பக்கத்திலேயே உள்ள ‘லிமிட்ஸ்’ ஃபைலில் வரம்பு தெரியும்.

வரம்பு 1024 போலச் சிறியதாக இருந்தால் கூட்டலாம். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இணையத்தில் பாதிப்பேர் ‘லிமிட்ஸ்.கான்ஃப்’ ஃபைலை மாற்றச் சொல்வார்கள். அது லாகின் செய்து வருபவர்களுக்கான வரம்பு. லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் ‘சிஸ்டம்டி’ தானாகத் தொடங்கும் சர்வீஸ் அதை ஏறெடுத்தும் பார்க்காது! நீங்கள் லாகின் செய்து, வரம்பைக் காட்டும் ‘யூலிமிட்’ கட்டளையில் பார்த்தால் புது எண் காட்டும். டேட்டாபேஸ் பழைய வரம்பிலேயே ஓடும். மாற்றியது எடுபடவில்லை என்று ஓர் எச்சரிக்கைகூட வராது. இத்தனை வருடமாக ஆட்களை இப்படி அலைய விடுவது எந்த வகையில் நியாயம்? ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ மூலம் மைஎஸ்கியூஎல் சர்வீஸில் ‘லிமிட்நோஃபைல்’ (திறந்த ஃபைல்களின் வரம்பு) மதிப்பை 65535 ஆக்கி, கடை மூடியபின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் அதே ‘லிமிட்ஸ்’ ஃபைலைத் திறந்து புது எண் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

வரம்பைக் கூட்டியும் ‘எஃப்டி’ எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், அதில் ‘சாக்கெட்’ (இணைப்பு; லினக்ஸ் இதையும் திறந்த ஃபைலாகவே எண்ணும்) என்றிருப்பவை எத்தனை என்று பாருங்கள். அவைதான் அதிகம் என்றால், பில்லிங் மென்பொருள் இணைப்புகளை மூடாமல் விடுகிறது. அதைச் சரிசெய்ய வேண்டியவர் மென்பொருளை விற்றவர். வருடப் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறார் அல்லவா, அதிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.