அடையாளம் தெரியாத ஒரு வெள்ளி நாணயம் கிடைத்தால், அது என்ன, அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கறுத்துப்போன ஒரு வட்டக் காசு கிடைத்திருக்கிறது, வெள்ளி மாதிரி தெரிகிறது, எழுத்து படிக்க வரவில்லை, தேய்த்துக் கழுவிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்பு, காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்த படலம். தேய்த்தால் அதோடு மேற்பரப்பும் கொஞ்சம் போய்விடும், விழுந்த கீறல் திரும்ப மறையாது.

அடுத்து, அசலா போலியா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த நாணயம் என்று தெரிந்தால்தான் எடை சரியா தப்பா என்றே சொல்ல முடியும். 0.01 கிராம் காட்டும் தராசில் எடை போடுங்கள். காலிப்பர் என்ற அளவுகோலில் விட்டம் எடுங்கள். இந்த இரண்டு எண்ணையும், முகத்தில் இருக்கும் படத்தையும் வைத்து நூமிஸ்டா என்ற நாணயப் பட்டியல் இணையதளத்தில் தேடினால் பெரும்பாலும் அகப்படும். ஆண்டைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். ஒட்டோமான் (துருக்கிப் பேரரசு) நாணயம் ஒன்றில் 1277 என்று இருந்தால் அது இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு. அதுவும் சுல்தான் அப்துல்அசீஸ் பட்டத்துக்கு வந்த ஆண்டு, நம் கணக்கில் 1861. நாணயம் அடித்தது அவர் ஆட்சியின் எத்தனையாவது வருடம் என்பது தனியாகப் பொறித்திருக்கும். நாடு, அரசர், மதிப்பு எதுவுமே இல்லாமல் ஒரு நிறுவனத்தின் பெயரோ வெறும் எண்ணோ இருந்தால் டோக்கனாக, அதாவது அரசு வெளியிடாத, காசு மாதிரியான வில்லையாக இருக்கலாம்.

என் கையில் இருக்கும் ஒன்றை வைத்தே சொல்கிறேன். மரியா தெரசா தாலர், அதாவது ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் முகம் பொறித்த பெரிய வெள்ளி நாணயம். பருத்த முகம், 1780 என்ற ஆண்டு. அந்த அரசி இறந்ததும் 1780-இல்தான். ஆனால் அதற்குப் பிறகும் அதே ஆண்டைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, 1930, 40களில் ரோம், லண்டன், பம்பாய் நாணயச்சாலைகளிலும் அடித்திருக்கிறார்கள். அதனால் 1780 என்று இருப்பதை வைத்து வயதைச் சொல்ல முடியாது. பிற்காலத்தது என்பதால் போலி என்றும் ஆகிவிடாது.

இதன் எடை 28.07 கிராம், ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி, மீதி செம்பு. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்க விட்டேன். தராசு 2.75 கிராம் காட்டியது, அது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. 28.07-ஐ 2.75-ஆல் வகுத்தால் 10.2. இந்தக் கலவைக்கு வரவேண்டிய அடர்த்தி அதுதான். செம்பும் நிக்கலும் கலந்த போலியாக இருந்தால் அதே எடைக்கு 3.15 பக்கம் காட்டியிருக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது இரும்பை ஒதுக்க மட்டும்தான் உதவும். செம்பும் பித்தளையும்கூட அதில் ஒட்டாது.

எனக்கு எல்லாவற்றையும் விட நம்பிக்கை தருவது விளிம்பு. போலி செய்பவர் முகத்துக்குப் படும் பாட்டை விளிம்புக்குப் படுவதில்லை. தாலரின் விளிம்பில், நீதியோடும் கருணையோடும் என்று பொருள்படும் லத்தீன் வாசகம் எழுந்து நிற்கும், இடையில் பூ வேலைப்பாடு இருக்கும். நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸை வைத்து ஒரு சுற்று மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வார்த்தெடுத்த காசில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு தெரியும், அல்லது அதை அரம் வைத்து ராவிய தடம் தெரியும். அப்புறம் எழுத்துகளின் ஓரம். அச்சில் அடித்தது என்றால் எழுத்து தளத்திலிருந்து வெட்டினாற்போல் எழும். வார்ப்பில் ஓரம் மழுங்கி, அங்கங்கே ஊசிமுனைக் குழிகள் இருக்கும்.

சரி, இவை எல்லாம் பொருந்திவிட்டாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. நல்ல வெள்ளியிலேயே, புது அச்சு வெட்டி அடித்த போலிகளும் உண்டு. அதற்கு அடர்த்தி உதவாது. அசல் என்று உறுதியான நாணயத்தின் பெரிய படத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். அரிய வகை என்று தோன்றினால், என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்புவதே சரி. உரசிப் பார்த்து அமிலம் விடுவதற்கு மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

எடை, விட்டம், இரண்டு பக்கப் படம், விளிம்பின் படம் எல்லாவற்றையும் கேள்வியோடு சேர்த்துப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.