மட்டக்களப்பில் டிடி ஃப்ரீ டிஷ்ஷை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வில் வைப்பது?

யூடியூப்பில் காட்டியபடியே வைத்தும் ஒரு சேனலும் வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் பார்த்தது அநேகமாக வட இந்தியாவில் எடுத்த வீடியோவாக இருக்கும். அந்த அளவு நம் ஊருக்குச் சரிவராது.

இந்தியத் தூர்தர்ஷனின் இலவச டிவி சேவையான ஃப்ரீ டிஷ் வருவது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட் 15 செய்மதியிலிருந்து. அதைப் பிடிக்க டெல்லியில் 52 பாகை ஏற்றம் (கிடைமட்டத்திலிருந்து மேலே பார்க்கும் கோணம்) போதும், சென்னையில் 68. நாம் பூமத்திய கோட்டுக்கு இன்னும் கிட்ட இருக்கிறோம், அதனால் இங்கே 73. கிட்டத்தட்ட உச்சிதான். தட்டைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். வீட்டு டிஷ்ஷில் எல்என்பி (தட்டுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) கீழே தள்ளி இருப்பதால், தட்டு எப்போதும் நிமிர்ந்தது போலத்தான் தெரியும். பின்னால் தாங்கியில் உள்ள அளவுக் கோட்டைப் பாருங்கள். திசைக்கு, எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) இருந்தால் கடலை நேரே பார்த்து நின்று, தெற்கே கல்முனைப் பக்கமாகத் திரும்புங்கள். போனில் கொம்பஸ் இருந்தால் 123 பாகை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஆரையம்பதியில் எங்கள் மாமி வீட்டில் படம் வரவில்லை. டவுனிலிருந்து வந்த ஆள் மேற்குப் பக்க மாமரம் மறைக்கிறது, வெட்டுங்கள் என்று சொல்லிக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தென்கிழக்கில் உச்சியில் நிற்கிற செய்மதியை மேற்கே நிற்கிற மரம் எப்படி மறைக்கும்? மாமா நட்ட மரம் அது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

நான் போய்ப் பார்த்தபோது டிவியில் சிக்னல் காட்டும் இரண்டு கோடுகளில் ஸ்ட்ரென்த் நிறைய இருந்தது, குவாலிட்டி பூச்சியம். எல்என்பி வயர் நேரே கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நம் பக்கம் எல்என்பியை 55 பாகை அளவுக்குத் திருப்ப வேண்டும், டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக. ஸ்குரூவை இளக்கி மெல்ல மெல்லத் திருப்பினேன். ஜன்னலுக்குள்ளிருந்து மாமி, "மனே, மற்றக் கோடும் ஏறுது!" என்று கத்தினார். பழைய பொதிகை, 2024 இலிருந்து டிடி தமிழ், அதுதான் அவருக்கு வேண்டியது.

"இந்தக் காலத்தில் டிஷ் எதற்கு, போனில் பார்க்கலாமே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: மாமிக்கு மாதாமாதம் டேட்டா போட்டுக் கொடுக்கப் போவது நீங்களா? நான் இதைத் தொழிலாகச் செய்பவன் இல்லை, உண்மைதான். ஆனால் கணக்கு யார் போட்டாலும் ஒன்றுதான்.

அப்புறம் இந்தக் கூரை ஓட்டு விஷயம். டிஷ் பூட்ட வருபவர்கள் ஓட்டின் நடுவில் மிதித்து உடைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போய்விடுகிறார்கள். மாரி மழை தொடங்கிச் சாமியறையில் ஒழுகும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரிகிறது. மாமி வீட்டிலும் அதுதான் நடந்தது. தனியாக இருக்கும் வயதான பெண் கூரைக்கு யாரைப் பிடிப்பார்? அதனால் கூரையே வேண்டாம் என்பேன். வளவில் ஒரு குழாயை நட்டுக் கொங்கிரீட் போட்டு அதில் பூட்டுங்கள். 73 பாகை ஏற்றத்துக்குப் பக்கத்து மதில் மறைக்காது. உப்புக் காற்றுக்கு நட்டுகளில் கிரீஸ் பூசுங்கள், எல்என்பி வயர் பூட்டுகிற இடத்தை டேப்பால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள்.