எச்.எல்.எச். புற்றுநோய் இல்லையென்றால் என் மாமாவுக்கு ஏன் கீமோ மருந்து கொடுக்கிறார்கள்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: 46 வயதான மாமாவுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், பிளேட்லெட் 22,000, ஃபெரிட்டின் (உடலில் இரும்பைச் சேமிக்கும் புரதம்) 18,000. மருத்துவர்கள் எச்.எல்.எச். (நோய் எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறி உடலையே தாக்கும் நோய்) என்று சொல்லி, எட்டோபோசைடு என்னும் கீமோ மருந்தைத் தொடங்க ஒப்புதல் கேட்கிறார்கள். ஏற்கெனவே இரத்த அணுக்கள் இவ்வளவு குறைந்திருக்க, அவற்றை மேலும் குறைக்கும் மருந்து எதற்கு, புதிதாக வந்திருக்கும் ருக்சோலிடினிப் மாத்திரையைக் கேட்டு வாங்கலாமா என்று வீட்டில் விவாதம் நடக்கிறது.

நான் மருத்துவர் அல்லேன். ஒரு மருத்துவமனையில் கீமோ மருந்துகளைக் கலந்து தரும் பிரிவில் மருந்தாளுநராக இருக்கிறேன். உங்கள் மாமாவுக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் இரத்தநோய் மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் அதே கேள்வியை எங்கள் மருந்து கொடுக்கும் ஜன்னலில் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை ஓர் அம்மையார், பையில் ஒட்டியிருந்த மஞ்சள் வில்லையைப் பார்த்துவிட்டு, "கேன்சர் இல்லைன்னுதானே சார் சொன்னாங்க, இதுல கேன்சர் மருந்துன்னு போட்டிருக்கே?" என்று கேட்டபோது அவர் கை நடுங்கியதை நான் மறக்கவில்லை.

இந்த நோயில் மஜ்ஜை தானாகப் பழுதாகி அணுக்கள் குறைவதில்லை. ஒரு கிருமியையோ புற்றணுவையோ எதிர்க்கக் கிளம்பிய டி செல்கள் (ஒரு வகை வெள்ளணுக்கள்), வேலை முடிந்த பிறகும் அடங்காமல் இன்டர்ஃபெரான் காமா முதலிய சைட்டோகைன்களை (மற்ற அணுக்களைத் தூண்டும் பொருட்களை)ச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அவற்றால் வெறியேறிய விழுங்கணுக்கள் மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் புகுந்து, உடலின் சொந்தச் சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் (பிளேட்லெட்) விழுங்கத் தொடங்குகின்றன. ஆகவே பிளேட்லெட் ஏற்றினாலும் அது பெரும்பாலும் நிற்பதில்லை. விழுங்குவதைத் தூண்டும் டி செல்களை அடக்கினால்தான் எண்ணிக்கை ஏறும், அந்த வேலையைத்தான் எட்டோபோசைடு செய்கிறது. கிளர்ந்தெழுந்து வேகமாகப் பெருகும் டி செல்களையே அது குறிப்பாக அழிக்கிறது, அமைதியாக இருக்கும் டி செல்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது என்று 2014இல் வெளியான எலிகள் மீதான ஆய்வு காட்டியது. அணுக்கள் குறைவாக இருப்பதை மட்டும் காரணமாக வைத்து இந்த மருந்தைத் தள்ளிப்போடுவது பல நேரங்களில் நோய்க்கு நாள் கொடுப்பதாகவே முடிகிறது.

எட்டோபோசைடு, போடோஃபில்லம் என்னும் செடிவகையின் வேர்த்தண்டில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து தயாராகிறது; அதில் ஓர் இனம் நம் இமயமலையிலேயே வளர்கிறது. எச்.எல்.எச். வந்த குழந்தைகள் ஓரிரு மாதங்களில் இறந்துவிடுவதே வழக்கமாக இருந்த காலத்தில் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டுடன் சேர்த்து எச்.எல்.எச்.-94 என்ற பன்னாட்டுச் சிகிச்சைத் திட்டம் உருவானது. அதில் சேர்ந்த குழந்தைகளில் 54 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்தார்கள்.

பெரியவர்களுக்கு அந்தத் திட்டத்தை அப்படியே பெயர்த்து வைப்பதில்லை. குழந்தைகளுக்கு உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 150 மில்லிகிராம், முதல் இரண்டு வாரங்களில் வாரம் இருமுறை. பெரியவர்களுக்கு வல்லுநர் குழு 2019இல் பரிந்துரைத்தது 50 முதல் 100 வரை, வாரம் ஒருமுறை. 1.6 சதுர மீட்டர் உடற்பரப்புள்ள ஒருவருக்கு 75 என்று கணக்கிட்டால் 120 மில்லிகிராம், அதாவது குப்பியிலிருந்து வெறும் 6 மில்லிலிட்டர். அதை அரை லிட்டர் சலைனில் கலக்கிறோம், ஏனென்றால் அடர்த்தி கூடினால் மருந்து பொடிப்பொடியாகப் படிந்துவிடும். பையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, துகள் எதுவும் மின்னவில்லை என்று பார்த்த பிறகே அனுப்புவேன். வேகமாக ஏற்றினால் இரத்த அழுத்தம் விழும், அதனால் சுமார் ஒரு மணி நேரம் சொட்டுச்சொட்டாக ஏற்றுவார்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவு மேலும் குறையும். இந்த மருந்தால் பின்னாளில் இரத்தப் புற்றுநோய் வருமோ என்று நீங்கள் அஞ்சுவது பொய்யான அச்சம் அல்ல. அதற்காகவே மொத்த அளவு சதுர மீட்டருக்கு 2,000 முதல் 3,000 மில்லிகிராமுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். வாரம் 75 வீதம் எட்டு வாரம் கொடுத்தாலும் 600தான் ஆகிறது.

இதைவிட நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியது வேறொன்று: இந்தக் கிளர்ச்சியைத் தூண்டியது எது? மேலைநாட்டுத் தொகுப்புகளில் பெரியவர்களுக்கு வரும் எச்.எல்.எச்.சில் ஏறத்தாழப் பாதி புற்றுநோயால், அதிலும் பெரும்பாலும் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயால் வருகிறது. ஸ்டீராய்டு கொடுத்தவுடன் லிம்ஃபோமா தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்சியில் சிக்காமல் போகலாம். ஆகவே நோயாளியின் நிலை இடம்கொடுத்தால் மஜ்ஜைப் பரிசோதனையையும் நிணநீர்க் கட்டி பயாப்சியையும் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. நம் ஊரில் டெங்கு, காசநோய், ஸ்க்ரப் டைஃபஸ் ஆகியவற்றையும் தேட வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் பூச்சி கடித்த இடம் சிகரெட்டால் சுட்ட தழும்பைப் போலக் கறுத்து, அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ வலியின்றி மறைந்திருக்கும். அதுவே காரணமாக இருந்தால் டாக்சிசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லியே பலருக்குப் போதுமானதாகிவிடுகிறது, எட்டோபோசைடு தேவைப்படாமலே போகலாம். மாமாவைக் குளிப்பாட்டித் துடைக்கும் அத்தை இப்படி ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்திருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மூட்டுவாத வகை நோய்களால் வந்தால் வழி வேறு: மெத்தில்பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு அதிக அளவில், ஒரு சைட்டோகைனின் வேலையைத் தடுக்கும் அனகின்ரா ஊசி. எப்ஸ்டைன்-பார் வைரஸ் என்றால் அது தங்கும் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தைச் சேர்ப்பதுண்டு.

ருக்சோலிடினிப் பற்றி: பல சைட்டோகைன்களின் சமிக்ஞை கடந்துசெல்லும் ஜாக் நொதிகளை அது தடுக்கிறது, சிலருக்கு ஓரிரு நாளிலேயே காய்ச்சல் தணிகிறது. ஆனால் அதுவும் பிளேட்லெட்டைக் குறைக்கும், உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பவும் கூடும். எட்டோபோசைடுக்கு உள்ள நீண்ட கால அனுபவம் அதற்கு இல்லை. மருத்துவர் தேர்ந்தெடுத்தால் நல்ல மருந்துதான், விலை கூடுதல் என்பதற்காக நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டியது அல்ல. இன்டர்ஃபெரான் காமாவையே கட்டிப்போடும் எமபலுமாப் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பிறவியிலேயே வரும் வகைக்கு. அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது.

கடைசியாக என் துறை சார்ந்த ஒன்று. மாமா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும், சித்த மருந்தோ கஷாயமோ இருந்தால் அதையும், ஒரு தாளில் எழுதி மருந்தாளுநரிடம் கொடுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஓடிக்கொண்டிருந்தால் டெக்சாமெத்தசோன் உடலில் வேகமாகச் சிதைந்து பாதி வேலைகூடச் செய்யாமல் போகலாம். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகனசோல் கொடுத்தால் ருக்சோலிடினிப் இரத்தத்தில் தேங்கும், அளவைக் குறைக்க வேண்டிவரும். ஸ்டீராய்டு தொடங்கிய நாளிலிருந்து சர்க்கரை அளவையும், நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தை இன்றிரவே முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தூண்டுகாரணத்துக்கான பரிசோதனைகள் எடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டுவிட்டு, மருத்துவர் சொல்வதை ஏற்றுக் கையெழுத்திடவே என் சொந்த மாமாவாக இருந்தால் நான் சொல்வேன்.