மெய்நிகர் கணினி அமைக்கும்போது வன்பொருள்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: 8 ஜிபி நினைவகம் உள்ள விண்டோஸ் 10 கணினியில் வர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் கணினியை உருவாக்கும் செயலி) நிறுவியிருக்கிறேன். அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி ஓட வேண்டும். நினைவகம், வட்டு, போர்ட் ஆகியவற்றை எப்படி அமைப்பது?

பதில்: விருந்தாளி (உள்ளே ஓடப்போகும் இயங்குதளம், இங்கே எக்ஸ்பி) எந்தக் காலத்து ஆளோ, அந்தக் காலத்துச் சாமான்களைக் கொடுங்கள். எக்ஸ்பி 2001-இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த வன்பொருள்கள் பலவற்றை அதற்கு அடையாளமே தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில். எடை மேடையிலிருந்து நிறையை வாங்கிச் சீட்டு அடிக்கும் மென்பொருள் அங்கே எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். எழுதிக் கொடுத்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. பிசான அறுவடை நெல் வந்து இறங்கும் நேரம் பார்த்துப் பழைய கணினி உயிரை விட்டது. நல்லவேளை, நிறுவல் சிடிக்கள் மேசை இழுப்பறையில் இருந்தன. அவற்றை வைத்துப் புதுக் கணினி ஒன்றுக்குள் மெய்நிகர் எக்ஸ்பியை அமைத்தேன்.

நினைவகம்: 8 ஜிபி இருக்கிறதே என்று 4 ஜிபியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் கணினியின் பங்கிலிருந்துதான் போகும். தலைமடைக்காரர் தண்ணீரை மொத்தமாகத் திருப்பிக்கொண்டால் கடைமடை வயல் என்ன ஆகும் என்று தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? எக்ஸ்பிக்கு 512 எம்பி தாராளம். செயலி ஒன்று போதும். வட்டுக்கு 10 ஜிபி என்று குறித்து, தேவைக்கேற்ப வளரும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

நான் சறுக்கியது அடுத்த இடத்தில். இயங்குதளம் எது என்று வர்ச்சுவல்பாக்ஸ் கேட்ட இடத்தில் கவனமில்லாமல் விண்டோஸ் 7 என்று கொடுத்துவிட்டேன். வட்டு, புதிய வகை இணைப்பான சாட்டா கட்டுப்படுத்தியில் போய் உட்கார்ந்துகொண்டது. எக்ஸ்பி நிறுவி, வன்வட்டே இல்லை என்று சாதித்தது. கண்ணெதிரே பட்டியலில் வட்டு இருக்கிறது, இது இல்லை என்கிறது! அரைநாள் போன பிறகுதான் அமைப்புகளில் வட்டைக் கழற்றி, பழைய வகை இணைப்பான ஐடிஇ கட்டுப்படுத்தியில் மாட்டினேன். மறுநிமிடமே நிறுவல் தொடங்கிவிட்டது.

இனி எடை மேடை. அதிலிருந்து வருவது ஒன்பது ஊசி சீரியல் கம்பி. புதுக் கணினியில் அதற்குத் துளையே கிடையாது. யூஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கினோம். அதை அப்படியே எக்ஸ்பியிடம் கொடுத்தால், எக்ஸ்பிக்கான டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) தேடி அலைய வேண்டும். வேறு வழி இருக்கிறது. மாற்றியை விண்டோஸ் 10 வைத்துக்கொள்ளட்டும். அங்கே அது காம் 3 என்று வந்தது (சீரியல் போர்ட்டுகளை விண்டோஸ் காம் 1, காம் 2 என்றுதான் அழைக்கும்). மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, அமைப்புகளில் சீரியல் போர்ட்டை இயக்கி, எண் காம் 1, முறை ஹோஸ்ட் டிவைஸ் (வெளிக் கணினியின் சாதனம்), முகவரி காம் 3 என்று கொடுத்தேன். எக்ஸ்பியின் கண்ணுக்கு அது பழைய காம் 1 தான். டிரைவர் எதுவும் கேட்கவில்லை. முதல் மூட்டையை ஏற்றியதும் திரையில் நிறை தெரிந்தது. ஆலை அண்ணாச்சி அதை நம்பாமல் கைத்தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தார் என்பது வேறு கதை.

நெட்வொர்க் அட்டையை நான் எடுத்தே விட்டேன். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டன. சீட்டு அடிக்க இணையம் எதற்கு?

ஒன்றைக் கவனியுங்கள். மாற்றியை வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் காம் 3 சில சமயம் காம் 4 ஆகிவிடும். மெய்நிகர் கணினி கிளம்பவே மறுக்கும். ஆலையில் இரண்டு முறை அப்படி நின்று, லாரிகள் வாசலில் காத்துக்கிடந்தன. அதன்பின் அண்ணாச்சி சரியான துளைக்கு மேலே குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். இப்போது வேறு துளைப் பக்கம் யாரும் போவதில்லை.