மாலை போட வந்த இடத்தில் சாக்கடைப் பேச்சு

அன்புள்ள ஐயா,

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறிய பேரூராட்சி எங்களுடையது. ஆடிப் பதினெட்டு அன்று பஸ் நிலையத்தின் முன்னால் தீரன் சின்னமலை படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வழங்குவது வழக்கம். இந்த முறை எங்கள் வார்டில் நிற்கப்போகிறவர் வந்திருந்தார். மாலை போட்ட கையோடு கிளம்பிவிடவில்லை. பந்தலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் ஊர்க்காரர்கள் சொன்னதைக் கேட்டார். சாக்கடை, தெருவிளக்கு, பட்டா என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். என் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "உயிரைக் கொடுத்தவருக்கு மாலை போட வந்த இடத்தில் சாக்கடைப் பேச்சு எதற்கு? எல்லாம் ஓட்டுக்குத்தானே?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நினைவு நாளில் இப்படிக் குறை கேட்பது முறையா? அவரை நம்பலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பாவின் கோபத்தை மதிக்கிறேன். நினைவு நாட்களில் ஒலிபெருக்கி கட்டித் தங்கள் தலைவரின் புகழை மட்டும் பாடிவிட்டுப் போகிறவர்களைப் பல ஆண்டுகள் பார்த்தவருக்கு வரும் கோபம் அது. ஆனால் இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை.

சின்னமலை என்ற பெயருக்கு நம் பக்கத்தில் சொல்லும் கதை அவருக்கும் தெரிந்திருக்கும். மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை மறித்து, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல்" என்றாராம். வரிச்சுமை குடியானவனின் வயிற்றுப்பாடு. 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவரின் கதையை நம் ஊர் அங்கிருந்துதான் சொல்லத் தொடங்குகிறது. அவர் படத்தின் முன்னால் ஒரு பாட்டி தன் வாசலில் தேங்கும் சாக்கடையைப் பற்றிச் சொன்னால் படத்துக்கு என்ன குறை வந்துவிடும்? திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் 1970-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மூன்று விவசாயிகளும் மின்கட்டண உயர்வை எதிர்த்துத்தான் திரண்டார்கள். பைசாக் கணக்கு அது. அவர்களுக்கும் அஞ்சலி செலுத்துகிறோம்.

கிராமங்களில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று விடுமுறை நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. கொடியேற்றமும் குடிநீர்ப் புகாரும் ஒரே நாளில்தான். உங்களுடையது பேரூராட்சி என்பதால் கிராம சபை கிடையாது. நகர்ப்புறங்களில் அதுபோல மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபை என்ற ஏற்பாடு 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கேட்க ஆள் இல்லாத ஊரில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் மாவட்டமே ஒருமுறை காட்டியது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் மட்டும் 1,033 வேட்பாளர்கள். தங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் வரிசையாக வந்து மனுத்தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. தேர்தலையே தள்ளி வைத்தார்கள். அதே ஆண்டில் சட்டமன்றத்துக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. மனு போடுவதைக் கடினமாக்கினார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. அத்தனை பேர் சொல்ல வந்ததை உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். காங்கயம் பக்கம் ஒரு ஊரில் சுதந்திர தினம். பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், வார்டுக்கு நிற்க இருந்த இரண்டு பேர் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். ஒரு அம்மா தன் எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்தபடியே வந்தார். குடத்தின் கழுத்துக்குள் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டிக் காட்டினார். முதலாமவர், அந்த அம்மா பேசி முடிக்கும் முன்பே, "ஜெயித்து வந்ததும் செய்து தருகிறேன் அம்மா" என்று கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார். மற்றவர், "ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது அக்கா?" என்று கேட்டார். எட்டு நாளைக்கு ஒருமுறை. எந்த நேரத்தில்? "ராத்திரி இரண்டு மணிக்குத் தம்பி. தறி ஓட்டிவிட்டு வந்து அசந்து தூங்குகிற நேரம். கீழ் வீதி நிரம்பின பிறகுதான் எங்கள் மேட்டு வீதிக்கு ஏறும். அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் போர் தண்ணீர்தான்."

அவர் அந்த அம்மாவோடு வால்வு இருக்கும் இடம் வரை நடந்தார். பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். தண்ணீர் விடுகிறவரிடம் பேசியதாகவும், மேட்டு வீதிக்கு முதலில் திறந்துவிட ஒத்துக்கொண்டதாகவும், புதுக் குழாய் போடுவது தன் கையில் இல்லை என்றும் சொன்னார். தன்னால் முடியாததை ஓட்டுக்கு முன்பே சொன்ன அந்த இடத்தில் எனக்கு அவர்மீது மரியாதை வந்தது. தேர்தலில் அவர் ஜெயிக்கவில்லை. மேட்டு வீதிக்கு இப்போது சாயங்காலத்தில் தண்ணீர் வருகிறது.

ஆகவே உங்கள் ஊர்க்காரர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பதை விடுங்கள். நீங்கள் சாக்கடை என்றதும் அவர் திருப்பி என்ன கேட்டார்? எந்த வீட்டு முன்னால் தேங்குகிறது, எங்கே அடைத்திருக்கிறது, கடைசியாக எப்போது தூர் வாரினார்கள் என்று கேட்டிருந்தால் நல்ல அறிகுறி. கேட்கவில்லை என்றால் நீங்களே அழைத்துப்போய்க் காட்டுங்கள். அவர் நோட்டில் எழுதியதை நீங்களும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்குள் ஒருமுறை வந்து, எது முடிந்தது, எது முடியவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் அப்பாவும் கூட இருக்கட்டும். ஊர்க் காரியத்தில் அவ்வளவு அக்கறை உள்ளவரிடம் சொல்ல வேண்டிய குறை ஒன்றாவது இருக்கும்.

அன்புடன்.